ஆபத்துக்குப் பாவமில்லை, மற்ற நாட்களில்?

(மதுரையில் மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதியைப் பற்றிப் பேச இந்த மாவட்டத்தில் மேடை ஏறும் யாரும் மேலவளவில்தான் தொடங்குவார்கள். 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் வந்தவர்களும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதை மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. ஆனால் இன்று நான் கொலைகாரர்களைப் பற்றிப் பேசப்போவதில்லை. நல்லவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். நம் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள், ஓர் அவசரம் என்றால் ஓடி வருபவர்கள் அவர்கள்.

காரணம் இருக்கிறது. நகரத்தில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்கும் நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். "எங்க காம்பவுண்டுல எல்லாரும் ஒண்ணுமண்ணாத்தான் இருக்கோம், ஒருத்தருக்கு ஒண்ணுன்னா அத்தனை பேரும் வந்து நிப்போம்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வந்து நிற்கத்தான் செய்கிறார்கள். அந்த வந்து நிற்றல் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதுதான் என் பேச்சு.

ஒரு பழமொழியிலிருந்து தொடங்குகிறேன். "ஆபத்துக்குப் பாவமில்லை." நம் பாட்டிமார் எல்லோரும் சொன்னது. நெருக்கடியில் உதவு, முறை பார்க்காதே என்று நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறோம். கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். ஆபத்தில் பாவமில்லை என்றால், ஆபத்து இல்லாத நாளில் அதே காரியம் பாவம் என்றுதானே பொருள்? ஒருவரைத் தொடுவது, அவர் வீட்டுக்குள் போவது, அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பது ஆகியவை பாவம் என்ற பட்டியலில் இருந்தால்தான் அவற்றுக்கு விதிவிலக்கு தேவைப்படும்.

இந்த விதிவிலக்கு சாஸ்திரத்திலேயே இருக்கிறது. மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் ஆபத்துக் காலத் தருமத்தைப் பேசுகிறது. உயிர் போகும் நிலையில் பிராமணன் யாரிடம் வாங்கி உண்டாலும் அவனுக்குத் தீட்டில்லை என்று அங்கே வருகிறது. பசியில் வாடிய விசுவாமித்திரர் சண்டாளர் கையிலிருந்து நாய் இறைச்சியை வாங்கத் துணிந்த கதையை அதற்கு உதாரணமாகவும் காட்டுகிறது. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் ஆபத்துத் தருமத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. கவனியுங்கள், இந்தச் சலுகை சண்டாளருக்கானது அல்ல. அவரிடம் வாங்கித் தின்பவருக்கானது. பசி தீர்ந்ததும் விசுவாமித்திரர் முனிவராகவே இருப்பார், கொடுத்தவர் சண்டாளராகவே இருப்பார். விதிவிலக்கு விதியை உடைக்கவில்லை. விதி நீடித்து வாழ்வதற்கு வழி செய்து கொடுக்கிறது.

மேலே இருப்பவருக்கு ஆபத்து என்றால் சாஸ்திரம் வளைகிறது. கீழே வைக்கப்பட்டவருக்கு ஆபத்து என்றால்? அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கை நினைவுகளை 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற சிறு நூலாக எழுதினார். அதில் தன் அனுபவங்களோடு, 1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா' இதழில் வெளியான ஒரு கடிதத்தையும் எடுத்துக் காட்டுகிறார். எழுதியவர் கத்தியவாரில் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டவர். அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டே நாளில் உடல்நிலை மோசமாகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிபாரிசு செய்து, கட்டணத்துக்கும் பொறுப்பேற்ற பிறகு வருகிறார், ஆனால் சேரிக்கு வெளியில்தான் பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு. பச்சை உடம்புக்காரியைக் கைக்குழந்தையோடு வெளியே தூக்கி வருகிறார்கள். மருத்துவர் வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். திரும்பவும் அதே வரிசையில் கருவி மருத்துவர் கைக்குப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லிப் போய்விடுகிறார். மறுபடி அழைத்தபோது வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

ஆபத்துக்குப் பாவமில்லை என்ற வாசகம் அந்த விளக்கு வெளிச்சத்தில் எங்கே போனது? விதிவிலக்கும் படிநிலைப்படிதான் பங்கிடப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே நூலில் பரோடா வருகிறது. 1917இல் வெளிநாட்டில் படித்துவிட்டு, பரோடா அரசுப் பணியில் சேர வந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். 11ஆம் நாள் காலையில் பார்சிகள் கம்போடு வந்து நின்றார்கள். மாலைக்குள் காலிசெய்யச் சொன்னார்கள். ஊரில் அவருக்கு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள், ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். தங்க இடம் தர முடியுமா என்று இருவரிடமும் கேட்டார். நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் ஒருவர். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார் மற்றவர். இரண்டு பேரும் கெட்டவர்கள் அல்ல, மரியாதையாகப் பேசக்கூடிய நண்பர்கள். அம்பேத்கர் பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்தார். இந்தியாவின் மிகப் பெரிய அறிஞர்களில் ஒருவருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஓர் அண்டை வீட்டுக்காரர்தான்.

நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்பீர்கள். சரி, மதுரைக்கு வருவோம்.

நானும் அம்மாவும் இந்த நகரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஓர் ஐப்பசி மழை நாளில் இரவு பத்து மணிக்குச் சமையலறைக் குழாய் சுவரோடு பிய்த்துக்கொண்டது. மேல்தொட்டித் தண்ணீர் முழு வேகத்தில் பீய்ச்சி அடித்தது. அம்மா ஒரு துணியால் அடைக்கப் பார்த்தார், நிற்கவில்லை. தண்ணீர் அரிசிச் சாக்கு வரைக்கும் வந்துவிட்டது, கீழே இருந்த ஸ்விட்சுப் பெட்டியில் பொறி தட்டியது. நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அக்கா துடைப்பத்தோடு மாடியேறினார். அவர் வீட்டுக்காரர் மெயினை அணைத்தார். எதிர்வீட்டுத் தம்பி மொட்டைமாடிக்கு ஓடி கேட் வால்வை மூடப் பார்த்தான், அது துருப்பிடித்து அசையவில்லை. உடனே கீழே வந்து, சைக்கிள் டியூபை வெட்டிக் குழாய் வாயில் இறுக்கிச் சுற்றிக் கம்பி போட்டுக் கட்டினான். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் நின்றது. நனைந்து நடுங்கிய அம்மாவுக்கு அக்கா தன் சேலையைக் கொடுத்தார். "நீங்க உக்காருங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று தரையை வழித்துத் தள்ளினார். அன்று ராத்திரி எங்களுக்குச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். சுடச்சுட இட்லி, தக்காளிச் சட்னி. அந்த அன்பில் எனக்கு இன்றுவரை ஒரு துளி சந்தேகம் இல்லை.

அதற்குப் பிறகு கிண்ணப் போக்குவரத்து தொடங்கியது. தெரியும்தானே, வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. அவர்கள் சாம்பார் கொடுத்தால் நாங்கள் சுண்டல் கொடுப்போம். மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள் துணி காயப்போடும் இடத்தில் அக்கா அம்மாவிடம் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, நீங்க என்ன ஆளுக?"

அம்மா மறைக்கவில்லை, சொன்னார்.

சண்டை நடக்கவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. "அதுக்கென்னம்மா, எல்லாரும் மனுசங்கதானே" என்றுதான் சொன்னார். அடுத்த முறை நாங்கள் கொண்டுபோன பாயசம், "அவருக்குச் சுகரும்மா, வேணாம்" என்று வாசலிலேயே திரும்பியது. அவர்கள் வீட்டிலிருந்து எங்களுக்கு வருவது இன்னும் சில நாள் வந்தது, அதுவும் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத வாழை இலையில் வந்தது. பிறகு நின்றது. ஆனால் அடுத்த கோடையில் அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றியபோது ஆட்டோ பிடித்து, உடன் வந்து, மருத்துவமனை வராந்தாவில் விடியும்வரை உட்கார்ந்திருந்ததும் அதே அக்காதான். ஆபத்துக்குப் பாவமில்லை.

எதிர்வீட்டுத் தம்பியும் அக்காவின் சாதிதான். அவனுக்கும் விஷயம் தெரியும். அவன் இப்போதும் வருகிறான், எங்கள் டம்ளரில் டீ குடிக்கிறான், பிறகு தானே அதைக் கழுவியும் வைக்கிறான். "தம்பி, வீட்ல ஏதும் சொல்ல மாட்டாங்களா?" என்று அம்மா கேட்டதற்கு, "சொல்லுவாங்கம்மா, சொல்லட்டும்" என்றான். அவ்வளவுதான். அவன் நம் கூட்டங்களுக்கு வந்ததில்லை, எந்தப் புத்தகமும் படித்ததில்லை.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அக்காவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது, சொல்லவும் தேவையில்லை. 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இதைத் தெளிவாகவே வைக்கிறார்: மக்கள் சாதியைக் கடைப்பிடிப்பது அவர்கள் கொடியவர்கள் என்பதால் அல்ல, அதைப் புனிதம் என்று நம்புவதால், எனவே பகைக்க வேண்டியது மனிதர்களை அல்ல, அந்த நம்பிக்கையைக் கற்பித்த சாஸ்திரங்களை. அக்காவின் இரக்கமும் உண்மை, அவருடைய தீட்டும் உண்மை. இரண்டும் ஒரே மனதில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. அப்படிக் குடியிருக்க இடம் பிரித்துக் கொடுத்ததுதான் சாதியின் சாமர்த்தியம். இரக்கத்துக்கு ஆபத்து நாளையும் தீட்டுக்கு மற்ற நாட்களையும் ஒதுக்கிவிட்டது.

ஆகவே, பேரிடரில் எல்லோரும் ஒன்றாகிறோம், வெள்ளத்தில் சாதி அடித்துப் போகிறது என்று நாளிதழ்களில் வரும் உருக்கமான வரிகளை எச்சரிக்கையோடு படியுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு அதே வாசலில் என்ன நடக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

மனமாற்றம் வரும்வரை காத்திருப்பதா, குடியிருப்பையே மாற்றி அமைப்பதா? இந்தக் கேள்விக்கு இதே மதுரைச் சமவெளியில் இரண்டு பதில்கள் கட்டடமாகவே எழுந்திருக்கின்றன.

முதல் பதில் உத்தப்புரம். எழுமலைக்குப் பக்கத்தில் உள்ள ஊர். 1989 மோதலுக்குப் பிறகு தலித் குடியிருப்பையும் ஆதிக்கச் சாதிக் குடியிருப்பையும் பிரித்துச் சுமார் 600 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். 2008இல் அந்தச் சுவரின் மேல் மின்கம்பி போட்டிருந்தது வெளியுலகுக்குத் தெரியவந்தது. தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் இடதுசாரிகளும் தொடர்ந்து போராடினார்கள். 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் சுவரில் சுமார் 15 அடியை இடித்துப் பாதை திறந்தது. உடனே என்ன நடந்தது? ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் பல வீட்டைப் பூட்டிவிட்டுக் கூட்டமாக வெளியேறி மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தன. யாரும் அவர்கள் வீட்டுக்குள் நுழையவில்லை, பொருளைத் தொடவில்லை. பக்கத்துத் தெருக்காரர் பொதுப்பாதையில் நடந்துபோவார் என்பதே அவர்களுக்குப் பொறுக்க முடியாத ஆபத்தாகத் தெரிந்தது. முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போய் வழிபட 2011 நவம்பர் வரை ஆனது. பாதைக்கும் கோயிலுக்கும் இடையில் மூன்றரை ஆண்டு.

மதுரைக்குச் சுவர் இடிப்பது புதிதல்ல. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் நகரத்துக் கோட்டைச் சுவரை இடிக்க முடிவு செய்தபோது, இடிக்கிறவர்களுக்கே அந்த நிலம் என்று அறிவித்தார். ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு இடித்தார்கள். இன்றைய வெளி வீதிகள் அப்படித்தான் பிறந்தன. கோட்டைச் சுவரை இடித்தால் நிலம் கிடைக்கும். சாதிச் சுவரை இடித்தால் ஆதிக்கம் போகும். வேகம் ஏன் ஒன்றுபோல் இல்லை என்பதற்கு இதுதான் விளக்கம்.

இரண்டாவது பதில் சமத்துவபுரம். 1997இல் தென் மாவட்டங்கள் சாதி மோதலில் எரிந்த நேரத்தில் கலைஞர் அரசு கொண்டுவந்த திட்டம் பெரியார் நினைவு சமத்துவபுரம். முதலாவது ஊர் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 100 வீடுகள். அதில் 40 பட்டியல் சாதியினருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. சாதிவாரியாகத் தெரு பிரியாதபடி வீடுகளைக் கலந்து ஒதுக்குவது திட்டத்தின் உயிர். யார் பக்கத்தில் யார் என்பதை மனுவும் முடிவு செய்யவில்லை, புரோக்கரும் முடிவு செய்யவில்லை. இப்படித் தமிழ்நாடு முழுவதும் 200க்கும் மேற்பட்ட ஊர்கள் உருவாயின.

சமத்துவபுரத்தைக் கேலி செய்வது எளிது. வீடு வாங்கியவர்கள் வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டார்கள், ஆட்சி மாறியபோது பராமரிப்பு விட்டுப்போனது என்றெல்லாம் செய்திகள் வந்தன. என் விமர்சனம் வேறு. சமத்துவபுரம் பழைய ஊரைத் தொடவில்லை. ஊரும் சேரியும் அப்படியே இருக்க, அவற்றுக்கு வெளியே மூன்றாவதாக ஒன்றைக் கட்டியது. நூறு குடும்பம் மாறியது, மீதி ஊர் வேடிக்கை பார்த்தது.

ஆனாலும் அது ஒன்றைச் சரியாகக் கண்டுபிடித்தது: அண்டை வீடு என்பது தானாக அமைவதல்ல, அமைக்கப்படுவது. 'சேரி' என்ற சொல் சங்க இலக்கியத்தில் சேர்ந்து வாழும் இடத்தைத்தான் குறித்தது, பார்ப்பனச் சேரியும் உண்டு, பரதவர் சேரியும் உண்டு. அதை ஒதுக்கிவைத்த இடத்தின் பெயராக்கியது இயற்கை அல்ல. கடல் கடந்து போன நம் ஆட்களுக்கு இது தெரியும். சிங்கப்பூரில் பெரும்பாலோர் வசிக்கும் அரசு அடுக்குமாடி வீடுகளில் 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு உண்டு. அந்தக் கொள்கையிலும் குறைகள் உண்டு, அதைப் பற்றி அங்கேயே விவாதம் நடக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: யார் யாருக்குப் பக்கத்து வீடு என்பது அரசு கை வைக்கக்கூடிய விஷயம். சாதிக்கு மட்டும் அதில் தனிச் சலுகை எதற்கு?

நம் நகரங்களில் வாடகை வீடு தேடியவர்களுக்குத் தெரியும். "சைவமா?" என்பது முதல் கேள்வி. "சொந்த ஊரு எது?" இரண்டாவது. "ஊர்ல எந்தத் தெரு?" மூன்றாவது. மூன்றுக்கும் பதில் சொல்லி முடித்ததும் வீடு ஏற்கெனவே வேறு யாருக்கோ கொடுத்தாயிற்று. இதற்குச் சட்டம் இல்லை என்று நினைக்கிறோம், இருக்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, தீண்டாமையின் பெயரால் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பதைக் குற்றம் என்கிறது. அப்படித் தடுக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், மாறாக நிரூபிக்கப்படாதவரை அதைத் தீண்டாமையாகவே நீதிமன்றம் கருத வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. சட்டத்துக்கு 70 வயதாகிறது. வீட்டுக்காரர் மீது அந்தப் பிரிவில் வழக்குப் போட்ட யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? "வீடு இல்லை" என்ற இரண்டு சொல்லில் காரணம் எழுதப்படுவதில்லை என்பதால்தான் சட்டம் அலமாரியில் தூங்குகிறது. புரோக்கரிடம் சொல்லிவைத்த நிபந்தனை, வாட்சப்பில் வந்த வாடகை அறிவிப்பு, தொலைபேசியில் கேட்ட கேள்வி ஆகியவை சாட்சியம் ஆகக்கூடியவை. சேர்த்து வையுங்கள். சட்டம் படிக்கும் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள், இந்த வேலை உங்களுடையது.

மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. குறிப்பாகப் பிற்படுத்தப்பட்ட, முற்பட்ட சாதிகளில் பிறந்து இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் தோழர்களுக்கு. உங்கள் வீட்டு மாடி போர்ஷன் காலியாகும்போது யாருக்கு விடப்போகிறோம் என்று உங்கள் அப்பா புரோக்கரிடம் சொல்லும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள். அந்த இரண்டு நிமிடம் நீங்கள் பேசுவது, மெரினாவில் நீங்கள் போடும் நூறு கோஷத்தைவிடக் கனமானது. உங்கள் அம்மா திருப்பி அனுப்பும் கிண்ணத்தை நீங்கள் வாங்கிச் சாப்பிட முடியும். பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு வாசலில் மொய் வைத்துவிட்டுத் திரும்பாமல் பந்தியில் உட்கார முடியும். "வீட்ல சொல்லுவாங்க, சொல்லட்டும்" என்று சொல்ல எந்தப் பட்டமும் தேவையில்லை.

ஒடுக்கப்பட்ட தோழர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். யாராவது உதவினால் நன்றி சொல்லுங்கள், அது மனித இயல்பு. ஆனால் அந்த நன்றிக்கடனுக்காகக் கேள்வியை விழுங்க வேண்டாம். இரவு பத்து மணிக்குத் தரை துடைத்தவர்தானே என்று, பகலில் திரும்பிய பாயசத்தை நாம் மறைத்துப் பேசத் தொடங்கினால், அந்த விதிவிலக்கை நாமும் காப்பாற்றுகிறோம் என்றாகிவிடும்.

அரசியலமைப்புச் சட்டத்தின் முகப்புரையில் சுதந்திரம், சமத்துவத்தோடு சகோதரத்துவம் என்ற சொல்லும் இடம்பெற்றிருக்கிறது. முதல் இரண்டுக்கும் நீதிமன்றம் போகலாம். மூன்றாவதை எந்த நீதிபதியும் தீர்ப்பாக எழுதித் தர முடியாது. அது குழாய் உடையாத நாளில், காய்ச்சல் இல்லாத நாளில், மழையும் வெள்ளமும் வராத சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் ஒரு டம்ளர் தண்ணீராக வர வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமைக்காகத்தான் நாம் இயக்கமாக நிற்கிறோம்.

ஜெய்பீம்.